பிரிங், டேக்: பேசுகிறவர் எங்கே நிற்கிறார்?

பிப்ரவரி 2, வாசகர் கேள்வி

பிரிங் என்றால் கொண்டு வா. டேக் என்றால் கொண்டு போ. ஒரு பொருள் என்னை நோக்கி வந்தால் பிரிங், என்னை விட்டு விலகிப் போனால் டேக். இவ்வளவுதானே? ஆனால் ஒன்று இடிக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆங்கிலேயர் எனக்கு மின்னஞ்சலில் "ஐ வில் பிரிங் த ஃபைல் டு யுவர் டெஸ்க்" என்று எழுதியிருக்கிறார். ஃபைல் அவரை விட்டு விலகி என்னிடம் வருகிறது. அவர் கணக்கில் அது டேக்தானே ஆக வேண்டும்? ஆங்கிலேயரே தப்பாக எழுதுகிறாரா?

பிப்ரவரி 2, இரவு

அவர் எழுதியது சரி. உங்கள் விதியில்தான் பாதி இல்லை.

"என்னை நோக்கி" மட்டும் பிரிங் இல்லை, "உன்னை நோக்கி"யும் பிரிங்தான். பேசுகிறவர், கேட்கிறவர் இருவரில் யார் இருக்கும் இடத்துக்குப் பொருள் போய்ச் சேர்ந்தாலும் பிரிங். இருவருமே இல்லாத மூன்றாவது இடத்துக்குப் போனால் டேக்.

அதே அலுவலகத்தில் உங்கள் சக ஊழியர் தமிழராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "ஃபைலை உங்க டேபிளுக்குக் கொண்டு வர்றேன்" என்றுதான். "உங்க டேபிளுக்குக் கொண்டு போறேன்" என்று சொன்னால், நீங்கள் அந்த நேரத்தில் மேசையில் இருக்கப்போவதில்லை என்று அர்த்தமாகிவிடும். தமிழில் இதை யோசிக்காமலே சரியாகச் சொல்கிறோம். ஆங்கிலம் என்று வந்தவுடன்தான் அம்புக்குறி போட்டுப் பார்த்துக் குழம்புகிறோம்.

பிப்ரவரி 3

மேலே சொன்னதை ஒரு வரியில் கேட்டவருக்கு: வாக்கியத்தை மனதுக்குள் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் "வா" வந்தால் பிரிங், "போ" வந்தால் டேக். பத்தில் எட்டு இடத்தில் இது போதும். மிச்ச இடங்களைப் பற்றி அப்புறம்.

பிப்ரவரி 3, மாலை

"இது எல்லா மொழிக்கும் பொதுவான விஷயம்தானே, இதில் தமிழுக்கு என்ன தனிப் பெருமை" என்று ஒருவர். பெருமை எதுவும் பேசவில்லை, ஆனால் பொதுவும் இல்லை.

ஸ்பானிய மொழியில் அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பிள்ளை "வோய்" என்று கத்தும். நேர்ப்பொருள் "போகிறேன்". கேட்கிறவரை நோக்கிப் போனாலும் அங்கே அது போவதுதான். பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கு மட்டும்தான் "வா". அதே கணக்கில் "உனக்குக் கொண்டு வருகிறேன்" என்பதற்கும் கொண்டு போகும் வினைதான். ஜப்பானியரும் அப்படித்தான், "இதோ வருகிறேன்" என்ற இடத்தில் போகும் வினையைச் சொல்கிறார்கள். இந்த மொழிக்காரர்கள் ஆங்கிலம் கற்கும்போது கம், பிரிங் இரண்டிலும் தடுக்கி விழுவதுண்டு. நமக்கு அந்தப் பள்ளமே கிடையாது. இருக்கிற வசதியை நாம்தான் பயன்படுத்திக்கொள்வதில்லை.

ஜெர்மன் இன்னொரு தினுசு. பிரிங்கின் உடன்பிறப்பான "பிரிங்கென்" அங்கே இரண்டு திசைக்கும் ஓடும். உன்னை ரயில் நிலையத்தில் கொண்டு போய் விடுகிறேன் என்பதற்கும் பிரிங்கென்தான். அதனால் ஜெர்மானியர் ஒருவர் ஆங்கிலத்தில் "ஐ பிரிங் யூ டு த ஸ்டேஷன்" என்றால், அவர் ஏற்கெனவே ஸ்டேஷனில் நின்றுகொண்டு பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 5

எனக்குப் பிழைப்பு சப்டைட்டில். தமிழ் வசனத்தை ஆங்கிலமாக்குவதும், ஆங்கிலத்தைத் தமிழாக்குவதும். இந்த இரண்டு வினைகளும் நாள் தவறாமல் குறுக்கே வரும். அதிலிருந்து ஒன்று.

ஒரு தொடரில் மருத்துவமனைக் காட்சி. விபத்தில் அடிபட்டவர். அவருடைய மனைவி தம்பியிடம் போனில் பேசுகிறாள்: ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அடுத்த காட்சியில் செவிலியர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம்: ஒன்பதரை மணிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரே ஆம்புலன்ஸ், ஒரே பயணம். மனைவிக்கு டுக், செவிலியருக்கு பிராட். புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டு வரியிலும் டுக் என்று போட்டுவிட்டான். "ஒரே சம்பவம்தானே, மாற்றினால் பார்க்கிறவர் குழம்புவார்" என்பது அவன் வாதம். மாற்றாவிட்டால்தான் குழப்பம். செவிலியர் டுக் என்றால் நோயாளியை இங்கிருந்து வேறு எங்கோ அனுப்பிவிட்டார்கள் என்று ஆகும். திரையில் அவர் பின்னால் கட்டிலில் படுத்திருக்கிறார்!

ஆங்கிலச் செய்தியைக் கவனித்துப் பாருங்கள். விபத்துச் செய்தியில் காயமடைந்தோர் எப்போதும் "டேக்கன் டு ஹாஸ்பிடல்". நிருபர் விபத்து நடந்த இடத்தின் பக்கம் நிற்கிறார், மருத்துவமனையின் பக்கம் இல்லை. கைதானவர் "டேக்கன் இன்டு கஸ்டடி". அதே ஆளை நீதிபதியிடம் நிறுத்தும்போது "பிராட் பிஃபோர் த கோர்ட்". அங்கே செய்தியின் மையம் நீதிமன்றத்துக்கு மாறிவிடுகிறது.

பிப்ரவரி 5, பின்னிரவு

நீதிமன்றம் என்றதும் தோன்றியது. "டேக் ஹிம் டு கோர்ட்" என்பார்கள், அவனைக் கோர்ட்டுக்கு இழு. ஆனால் வழக்கு மட்டும் "பிரிங் எ கேஸ்", குற்றச்சாட்டு "பிரிங் சார்ஜஸ்". ஆளை இழுப்பவன் வெளியிலிருந்து கிளம்புகிறான், வழக்கோ மன்றத்துக்கு வந்து சேர்கிறது. நான் சொல்லும் காரணம் சரியோ இல்லையோ, நினைவில் வைக்க உதவும்.

பிப்ரவரி 6

2ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் நீட்ட வேண்டும். "யார் இருக்கும் இடத்துக்கு" என்று எழுதினேன். எப்போது இருக்கும் இடம்? பேசும்போதா, பொருள் போய்ச் சேரும்போதா?

இரண்டுமே ஆகும். நாம் இருவரும் இப்போது தெருவில் நின்று பேசுகிறோம். "நாளைக்கு நூலகத்துக்கு வருவேன், அந்தப் புத்தகத்தைக் கொண்டு வா" என்கிறேன். இப்போது நூலகத்தில் யாரும் இல்லை. நாளை நான் இருப்பேன். அதனால் பிரிங்.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. "நேற்று என் வீட்டுக்குப் பார்சல் கொண்டு வந்தார்கள், நான் வீட்டில் இல்லை." நான் அப்போதும் அங்கில்லை, இப்போதும் அலுவலகத்திலிருந்து சொல்கிறேன். ஆனாலும் பிராட்தான் இயல்பு. ஏனென்றால் அது என் வீடு, என் இருப்பிடம். ஆள் இல்லாவிட்டாலும் இடத்துக்கு ஒரு பாத்தியதை உண்டு.

இதையெல்லாம் ஒழுங்காகப் பிரித்து அடுக்கியவர் சார்லஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர். 1971இல் சாண்டா குரூஸில் சுட்டு (நான், நீ, இங்கே, நாளை போல, யார் எங்கே எப்போது பேசுகிறார் என்பதை வைத்தே பொருள் தெரியும் சொற்கள்) பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நடத்தினார். கம், கோ இரண்டையும் பிரித்து மேய்ந்திருப்பார், பிரிங்கும் டேக்கும் அவற்றின் வால்பிடித்தே வரும். அவர் சொல்லும் ஓர் உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடலில் ஒரு பாட்டில் மிதந்து வருகிறது. உள்ளே ஒரு சீட்டு: நாளை மதியம் இங்கே, இவ்வளவு பெரிய குச்சியோடு என்னை வந்து பார். யார், எங்கே, எந்த நாளை, எவ்வளவு பெரிய? பேசுகிறவர் நிற்கும் இடம் தெரியாவிட்டால் மொழியில் பாதிக்குப் பொருளே இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

பிப்ரவரி 8

"அமெரிக்கக்காரர் 1971இல் சொன்னால்தான் உங்களுக்கு ஏறுமா" என்று கேட்ட அண்ணனுக்கு. கோபம் வேண்டாம், இதைத்தான் அடுத்து எழுத வைத்திருந்தேன்.

தொல்காப்பியம், சொல்லதிகாரம், கிளவியாக்கம். செலவு (செல்வது), வரவு (வருவது), தரவு (தருவது), கொடை (கொடுப்பது) என்று நான்கு சொற்களைத் தொல்காப்பியர் முதலில் எடுத்துக்கொள்கிறார். பிறகு:

தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும்
தன்மை முன்னிலை ஆயீர் இடத்த.

அடுத்த நூற்பா ஒரே வரி: ஏனை இரண்டும் ஏனை இடத்த.

அதாவது தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல், கொடு இரண்டும் படர்க்கைக்கு உரியவை. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான்.

நான் 2ஆம் தேதி இரவு பத்து வரியில் முக்கி முனகிச் சொன்னது இங்கே இரண்டு வரியில் கிடக்கிறது. ஸ்பானியருக்கு ஒத்துவராத "முன்னிலை"யைக்கூட விடாமல் சேர்த்திருக்கிறார்.

இன்னொன்று. பழந்தமிழில் "தா" என்பது வெறும் ஈதல் அல்ல, "கொண்டு வா" என்ற பொருளும் அதற்கு உண்டு. இன்றைக்கும் வேறு ஊரிலிருந்து வரவழைப்பதைத் தருவித்தல் என்கிறோமே, அதில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. ஆகத் தருசொல் நம் பிரிங்குக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம்.

பிப்ரவரி 8, சற்று நேரத்தில்

ஒருவர் மடக்குகிறார்: "நான் செல்கிறேன் என்று சொல்கிறோமே, அது தன்மை ஆயிற்றே, தொல்காப்பியர் விதி எங்கே போயிற்று?"

செய்கிறவர் யார் என்பது இங்கே கணக்கில் இல்லை. போய்ச் சேரும் இடம் யாருடையது என்பதுதான் கணக்கு. "நான் அவனிடம் சென்றேன்" என்பதில் வினைமுற்று தன்மை, சேரும் இடம் படர்க்கை. அதனால் "சென்றேன்". பிரிங்கிலும் இதே தவறான இடத்தில்தான் பலர் தேடுகிறார்கள். யார் தூக்குகிறார் என்று பார்க்கிறார்கள். எழுவாயை விட்டுவிட்டு, போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள்.

"கொடுக்கும் டேக்கும் ஒன்றா?" என்றும் அவரே கேட்டிருக்கிறார். ஒன்று என்று யார் சொன்னது. கொடு என்றால் கொடு. திசை மட்டும்தான் இரண்டுக்கும் பொது.

பிப்ரவரி 9

மலையாளம் அறிந்த ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே முன்னால் கொண்டு வருகிறேன், பின்னூட்டங்களுக்குள் புதைந்துவிடக் கூடாது: தமிழில் "எனக்குக் கொடு" என்பது இன்று சர்வ சாதாரணம். மலையாளத்தில் அப்படிச் சொல்ல முடியாது. எனக்கும் உனக்கும் "தரு", மூன்றாம் ஆளுக்குக் "கொடு". தொல்காப்பியர் போட்ட கோடு அங்கே பேச்சிலேயே உயிரோடு இருக்கிறது.

நாம் தா/கொடு வேற்றுமையைத் தொலைத்துவிட்டு வா/போ வேற்றுமையை மட்டும் வைத்திருக்கிறோம். அது போதும், பிரிங் டேக்குக்கு.

பிப்ரவரி 10

ஆளா பொருளா என்ற விஷயம் விட்டுப்போயிற்று.

தமிழில் ஆளைக் கூட்டி வருவோம், அழைத்து வருவோம். பொருளை எடுத்து வருவோம். மாட்டை ஓட்டி வருவோம். குழந்தையைத் தூக்கி வருவோம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பிரிங். அவர்களுக்குத் திசைதான் முக்கியம், எப்படி வந்தது என்பது இல்லை. நமக்கு இரண்டும் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் நம் கட்சி. பொருள் என்றால் அப்போர்த்தே, ஆள் என்றால் அமெனே. கொண்டு போவதிலும் இதே இரட்டைப் பிரிவு உண்டு.

இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்றை ஒருமுறை திருத்தக் கொடுத்தார்கள். பள்ளியிலிருந்து பெற்றோருக்குப் போகும் சுற்றறிக்கை. "நிகழ்ச்சிக்கு உங்கள் தாயாரையும் கொண்டு வரலாம்." படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. தமிழில் ஓர் ஆளைக் "கொண்டு வந்தார்கள்" என்றால் ஒன்று மயங்கிக் கிடக்கிறார், அல்லது முடிந்துபோனார். ஆங்கில மூலத்தில் வெறும் பிரிங்தான். தவறு அதில் இல்லை.

பிப்ரவரி 13

"டேக் அண்ட் கம்" பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். சரி.

நம் ஆட்கள் ஆங்கிலத்தில் "டேக் த கீ அண்ட் கம்" என்பார்கள். எடுத்துக்கொண்டு வா. தமிழில் எடுப்பது ஒரு வினை, வருவது இன்னொரு வினை. எடுத்து + வா, எடுத்து + போ. திசை கடைசி வினையில் தனியாக, பளிச்சென்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தத் திசை பிரிங் என்ற ஒரே சொல்லுக்குள் கரைந்துவிட்டது. அதைத் தோண்டி எடுத்து வெளியே வைக்க முயலும்போது "டேக் அண்ட் கம்" பிறக்கிறது.

ஆங்கிலேயர் காதில் அது எப்படி விழும்? பொருள் புரியும், ஆனால் இரண்டு தனிக் கட்டளைகளாக விழும். முதலில் சாவியை எடு. அப்புறம் வா. "பிரிங் த கீ" என்றால் போதும்.

இங்கே டேக் ஒரு கண்ணியும் வைக்கிறது. டேக்குக்குக் "கொண்டு போ" மட்டும் இல்லை, "எடு" என்றும் பொருள். புகைப்படம் எடு, விடுப்பு எடு, மருந்து எடுத்துக்கொள், நேரம் எடுக்கிறது: எல்லாமே டேக். தமிழரின் "எடு"வும் இப்படியே பல இடத்துக்குப் போகும், ஆகவே இரண்டும் ஒன்று என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அதனால் "எடுத்து வா"வில் உள்ள "எடு" கண்ணில் பட்டதும் கை டேக்குக்குப் போகிறது. எடுவைப் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் வினையைப் பாருங்கள்.

பிப்ரவரி 13, இரவு

ஃபெட்ச் எங்கே என்று கேட்டவருக்கு: போய், எடுத்து, திரும்பி வா. மூன்றும் சேர்ந்தது ஃபெட்ச். பந்தை எறிந்தால் நாய் செய்வது. கேட்கும்போது கை காலியாக இருக்க வேண்டும், பொருள் வேறெங்கோ இருக்க வேண்டும். பிரிங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கேரி என்பதில் திசையே இல்லை. சுமை மட்டும்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வட்டமாகச் சுற்றி வந்தாலும் கேரிதான்.

பிப்ரவரி 14

வா/போ சோதனை கவிழும் இடங்கள். சொல்கிறேன் என்று 3ஆம் தேதி விட்டது.

விடைபெறும் "வருகிறேன்". கிளம்பும்போது நாம் போகிறேன் என்று சொல்வதில்லை, போய் வருகிறேன் என்கிறோம். இதை அப்படியே "ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனால் எதிரே இருப்பவர் திகைப்பார்.

தொடர்ச்சியைக் காட்டும் "வருகிறேன்". ஐந்து வருடமாக மருந்து எடுத்து வருகிறேன் என்பதில் எதுவும் எங்கும் வரவில்லை. துணைவினை. இதைப் பார்த்து பிரிங் போட்ட வாக்கியம் ஒன்றை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எழுதியவர் எட்டாம் வகுப்பு மாணவர், மன்னித்துவிடலாம்.

மரபுத்தொடர்கள். பிரிங் அப் என்றால் வளர்ப்பது, பேச்சில் ஒரு விஷயத்தை எழுப்புவது, வாந்தி எடுப்பதும்கூட. டேக் ஆஃப்டர் என்றால் சாயலில் ஒத்திருப்பது. டேக் பிளேஸ் என்றால் நடப்பது. இவற்றில் திசை தேடினால் பைத்தியம் பிடிக்கும். அப்படியே விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் சிலவற்றில் திசை மங்கலாகத் தெரியும். பிரிங் டு எ பாயில், பிரிங் டு அன் எண்ட், பிரிங் டு லைஃப்: எல்லாமே ஒரு நிலைக்குக் கொண்டு வருவது. கொதிநிலைக்குக் கொண்டு வா, முடிவுக்குக் கொண்டு வா, உயிர் கொடுத்துக் கொண்டு வா. தமிழும் இங்கே "வா"தான் போடுகிறது, கவனித்தீர்களா? சண்டையை யாரும் முடிவுக்குக் கொண்டு போவதில்லை. உயிரைப் பறிப்பது மட்டும் டேக் எ லைஃப்.

பிப்ரவரி 17

இரண்டும் சரியாக இருக்கும் இடங்கள்தான் எனக்குச் சுவாரசியம்.

தேர்வு அறிவிப்பில் "பிரிங் யுவர் ஐடி கார்டு" என்று அச்சிட்டிருப்பார்கள். எழுதியவர்கள் தேர்வு மையத்தின் பக்கம் நிற்கிறார்கள். அதே நாள் காலை வீட்டு வாசலில் அம்மா சொல்வது "டேக் யுவர் ஐடி கார்டு". அம்மா மையத்துக்கு வரப்போவதில்லை. ஒரே அட்டை, ஒரே மையம், ஒரே பிள்ளை. அம்மாவும் கூடவே வந்து வாசலில் காத்திருப்பதாக இருந்தால் அவளும் பிரிங் என்பாள்.

கதை சொல்லும்போது இன்னும் தெளிவு. அனுமன் கணையாழியை இலங்கைக்குக் கொண்டு போனான், சூடாமணியைக் கொண்டு வந்தான். இப்படிச் சொல்கிறவர் இராமன் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார். அசோகவனத்தில் சீதையின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கணையாழியைக் கொண்டு வந்தான், சூடாமணியைக் கொண்டு போனான். சொல்கிறவர் இராமனும் இல்லை, சீதையும் இல்லை. அங்கே போய் நின்றுகொள்கிறார், அவ்வளவுதான். ஆங்கில நாவல்களிலும் யார் கண் வழியாகக் காட்சி ஓடுகிறதோ அவரை நோக்கி வந்தால் பிரிங்.

தொல்காப்பியருக்கு இதுவும் தெரியும். எச்சவியலில் கொடு என்ற சொல் படர்க்கைக்கு உரியது, ஆனாலும் தன்னைப் பிறன்போல் கூறும் குறிப்பில் தன்னிடத்திலும் வரும் என்கிறார். தன்னையே வேறொருவனாக வைத்துப் பேசினால் சொல்லும் மாறும்.

பிப்ரவரி 18

அலுவலகத்தில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஒரு நிறுவனத்தின் கடிதங்களைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. மேலாளர் ஒருவர் வேறு பிரிவுக்காரருக்கு "ஐ வில் பிரிங் த ரிப்போர்ட் டு டுமாரோஸ் மீட்டிங்" என்று எழுதினார். உடனே பதில் வந்தது: எந்தக் கூட்டம், எத்தனை மணிக்கு, எனக்கு அழைப்பு வரவில்லையே. அவரை யாரும் அழைக்கவே இல்லை! சும்மா தகவலுக்காக அனுப்பிய வரி.

பிரிங் போட்டது இலக்கணப் பிழை இல்லை. தானும் போகிற கூட்டத்துக்கு பிரிங் என்று எத்தனையோ பேர் எழுதுவார்கள். ஆனால் படிக்கிறவர் "நீயும் அங்கே இருப்பாய்" என்று அதற்குள் படித்துக்கொள்ள இடம் இருக்கிறது. டேக் என்றிருந்தால் அந்தச் சந்தேகமே எழுந்திருக்காது. அப்புறம் அவரையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள், வேறு வழி?

பிப்ரவரி 20

திசை மாறிப் போகிறேன், தடுக்காதீர்கள்.

1969இல் அப்பல்லோ 11 நிலவுக்கு மனிதர்களை டுக். அங்கிருந்து சுமார் 21.5 கிலோ கல்லும் மண்ணும் பிராட் பேக். உலகில் எந்த மூலையில் இருப்பவர் எழுதினாலும் இதே இரண்டு வினைகள்தான் இயல்பு. ஏனென்றால் பேசுகிறவர், கேட்கிறவர் எல்லோரும் பூமியில். 6ஆம் தேதி சொன்ன "இருப்பிடம்" இங்கே பூமி முழுவதும். நிலவில் ஒருவர் குடியேறி நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தால்தான் அந்த மனிதர்கள் பிராட் ஆவார்கள், அந்தக் கற்கள் டுக் ஆகும்.

பிப்ரவரி 20, இன்னும் கொஞ்சம்

டேக் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே இல்லை என்று தெரியுமா? வைக்கிங் கடலோடிகளோடு வந்த பழைய நார்ஸ் மொழிச் சொல், டாகா. அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்தது "நிமன்". ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு நேமென் இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்தில் டேக் வந்து நிமனைத் துரத்திவிட்டது. மிஞ்சியது ஓரிரண்டு எச்சம்: மரத்துப்போவதைக் குறிக்கும் "நம்" என்ற சொல் நிமனின் எச்சவடிவம்தான். உணர்ச்சி "எடுக்கப்பட்டது", அதனால் நம். பிரிங் மட்டும் தொன்றுதொட்டு வீட்டுப் பிள்ளை.

பிப்ரவரி 23

பிராட், பாட். இறந்தகாலத்தில் ஓர் "ர்" மட்டுமே வித்தியாசம். பிராட் என்றால் கொண்டு வந்தேன், பாட் என்றால் விலைக்கு வாங்கினேன். தமிழில் "வாங்கி வந்தேன்" என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவதால் எதைப் போடுவது என்று தடுமாற்றம். பரிசுப் பொருளோடு போய் "ஐ பாட் திஸ் ஃபார் யூ" என்றால் காசு கொடுத்தேன் என்று சொல்லிக்காட்டுவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு மோசம் இல்லை, ஆங்கிலேயரே தாராளமாகச் சொல்வார்கள். ஆனால் நூலகப் புத்தகத்தைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு பாட் என்றால் நூலகர் ஒரு மாதிரி பார்ப்பார்.

மார்ச் 1

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். இம்முறை அயர்லாந்துக்காரர் ஒருவர் "ஐ வில் பிரிங் யூ டு தி ஏர்போர்ட்" என்றாராம். பேசியவரும் கேட்டவரும் வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். "இப்போது என்ன சொல்கிறீர்கள்" என்று சிரிப்புக் குறியோடு கேட்கிறார்.

அயர்லாந்து ஆங்கிலத்தில் அது சரி. மற்றவர்கள் டேக் போடும் பல இடங்களில் அவர்கள் பிரிங் போடுவார்கள், தலைமுறை தலைமுறையாக. அங்கே போய்த் திருத்தாதீர்கள். தேர்விலோ அலுவலகக் கடிதத்திலோ நீங்கள் எழுதும்போது மட்டும் டேக் போடுங்கள்.

பாரோ, லெண்ட் இரண்டையும் இதே இழையில் கேட்டிருப்பவர் தனியாகத் தொடங்கவும். அதிலும் வாங்குவது, கொடுப்பது என்று தொல்காப்பியரை இழுக்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது, அண்ணன் முன்கூட்டியே சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டும்.